உள்பக்கம் ஜன்னல் வைத்த அறை

கொட்டச்சேடு,
24.1.1999

மதிப்பிற்குரிய சம்பந்தி வெங்கடாசலம் அவர்களுக்கு,

பதினொரு நாள் யோசனைக்குப் பிறகு இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நம் இரண்டு குடும்பங்களையும் தொடும் முடிவு என்பதால், பஸ்ஸில் யாரிடமாவது சொல்லியனுப்பாமல் எழுத்தில் தருகிறேன். கப்பலில் உள்பக்கம் ஜன்னல் வைத்த அறையை நானும் கிருஷ்ணம்மாளும் எடுத்துக்கொள்கிறோம். கடல் பக்கம் ஜன்னல் வைத்த அறை தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும்.

நம் பிள்ளைகள் இளவரசும் கலாவதியும் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கப்பல் புத்தகம் அடிவாரத்துக்கும் வந்திருக்கும். ஏப்ரலில் நாம் நால்வரும் போய், இரண்டு வயதாகியும் நாம் யாருமே பார்த்திராத பேத்தியைப் பார்த்துவிட்டு, எல்லோருமாக மூன்று நாள் கப்பலில் சுற்றி வருவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்குத் தனி அறை எடுத்தாகிவிட்டது. நமக்கு மிச்சமிருப்பது இரண்டே அறைகள். எது யாருக்கு என்று பெரியவர்கள் கலந்து பேசி, பிப்ரவரி கடைசிக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கலந்து பேச இதில் என்ன இருக்கிறது? நான் முடிவு செய்துவிட்டேன்.

காரணம் சொல்ல வேண்டியது என் கடமை. கப்பலின் வரைபடத்தை மேசையில் விரித்து நூல் பிடித்துப் பார்த்தேன். கப்பலின் வயிற்றுக்குள் நீளமாக ஒரு கடைவீதி போகிறது. ஐஸ்கிரீம் கடை, கடிகாரக் கடை, உட்கார்ந்து பியானோ வாசிக்க ஓர் ஆள். 6318 என்ற அறையின் ஜன்னல் அந்த வீதியைப் பார்த்து இருக்கிறது. திறக்க முடியாது, பார்க்கலாம். மாலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முப்பத்து நான்கு வருடம் எஸ்டேட் ரைட்டராக இருந்து, மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் மஸ்டர் புத்தகத்தில் ஆஜர் போட்டவன் நான். ஆஜர் போடாமல் மனிதர்களைப் பார்க்க ஒருமுறையாவது ஆசையிருக்காதா? இன்னொரு பக்கம் என்ன இருக்கிறது? தண்ணீர். ஒரு தடவை பார்த்தாலே போதுமான பொருள் அது.

கிருஷ்ணம்மாள் ஓர் ஆட்சேபனை தெரிவித்தாள். "ஏனுங்க, கடலப் பாக்கப் போறோம்னு கொட்டச்சேடு பூராஞ் சொல்லியாச்சு. அங்க போயிக் கடையப் பாக்கோணும்னா ஏற்காட்டுச் சந்தையே போதுமுங்களே?" என்றாள். அவள் கடலைப் பார்த்ததில்லை. மேட்டூர் அணையைப் பார்த்திருக்கிறாள். இரண்டும் ஒரே சரக்கு, அளவுதான் வேறு என்று விளக்கினேன். "அப்ப அளவப் பாக்கறேனுங்க" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டதால் அந்த ஆட்சேபனை அத்துடன் தீர்ந்தது.

தாங்கள் கடல் அறையில் சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நன்றி எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
கருப்பண்ணன்


அடிவாரம்,
29.1.1999

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை நின்றுகொண்டு படித்தேன்.

நன்றி எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு விஷயத்தில் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன்.

நான் இருபத்தாறு வருடம் இந்த மலைப் பாதையில் பஸ்ஸுக்குப் பஸ் ஏறி டிக்கெட் பார்த்தவன். செக்கிங் இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் தெரியாத கண்டக்டர் கிடையாது. மலை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அடிவாரத்தில் வண்டி புறப்படுவதற்கு முன்னால் கண்டக்டர் கேட்பான்: "யாருக்குங்க வவுத்தப் பெரட்டும்? இந்தப் பக்கம் வந்துருங்க. சாமி, நீ எந்திரி, அந்தம்மாளுக்கு சன்னலக் குடு." அதுதான் ஜன்னல் சீட்டு. வாந்திக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம். இது தங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறீர்கள்.

தொண்ணூற்று நான்கு தை மாதம், மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வேனில் மேலே வந்தோம். ஒன்பதாவது வளைவில் என் மனைவி மாதம்மாளுக்கு முடியாமல் போனது. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் முடியாமல் போனது. வேன் தங்கள் வாசலில் நின்றபோது தங்கள் பங்காளி வீட்டு அம்மாள் ஒருவர், எனக்குக் கேட்கும்படியாக, "பொண்ணூட்டுக்காரங்க அடிவாரத்துலருந்தே கோலம் போட்டுக்கிட்டு வந்தாங்களாட்ட இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தாங்களும் சிரித்தீர்கள். தோளில் கிடந்த துண்டால் வாயை மூடிக்கொண்டீர்கள், ஆனால் தோள் குலுங்கியது. ஐந்து வருடம் கழித்து அந்தத் தமாஷைக் கப்பல் வரைக்கும் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

அத்துடன் போயிற்றா? நாங்கள் பெண் வீட்டார். மாப்பிள்ளையின் அப்பா உள்ளே அடைந்து கிடக்க, பெண்ணின் அப்பா கடல் பார்த்த அறையில் கால் நீட்டியிருந்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? பிள்ளைகள் போட்டோ எடுக்காமல் இருப்பார்களா? அந்த போட்டோ கொட்டச்சேட்டில் வீடு வீடாகப் போகும். "பாத்தீங்களா, பொண்ணூட்டுக்காரன் சன்னலப் புடுங்கிக்கிட்டான்" என்பார்கள். அதைக் கேட்க வேண்டியவள் என் மகள். தாங்கள் இதை யோசிக்காமல் பதினொரு நாள் யோசித்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று வேன் திரும்பிப் போக முடியாமல் தங்கள் வீட்டில் தங்கினோம். எங்கள் இரண்டு பேரையும் நடு வீட்டுக்குப் பின்னால் ஓர் உள் அறையில் படுக்க வைத்தீர்கள். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. சுவரோரம் காப்பிக்கொட்டை மூட்டைகள். தூக்கம் வராமல் எண்ணினேன். பதினேழு. பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும் நானும் மாதம்மாளும். இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, தகவலுக்காக எழுதினேன்.

கடல் அறை எங்களுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வெங்கடாசலம்


கொட்டச்சேடு,
3.2.1999

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் எழுந்து போய் அந்த உள் அறையைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த வீட்டில் நான் கட்டியவற்றிலேயே சிறந்தது அதுதான் என்ற என் அபிப்பிராயம் மாறவில்லை.

தை மாதத்தில் இந்த மலையில் வெளி அறை எப்படி இருக்கும் என்று அடிவாரத்தில் விசிறியைப் போட்டுக்கொண்டு படுப்பவருக்குத் தெரிய நியாயமில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்றால் கதவுக்கு அடியில் பனி நுழையும். சுவர் வேர்க்கும். விடியும்போது தலையணை கனமாக இருக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் ஜன்னல் பக்கம் வேற்றாளுக்கு, உள் அறை உறவுக்கு. மேற்குச் சுவரில் காற்று வராமலிருக்க மூட்டைகளை அடுக்கியதே நீங்கள் வருகிறீர்கள் என்றுதான். பதினேழு மூட்டையையும் நானும் வேலையாள் சின்னனும் களத்திலிருந்து முதுகில் சுமந்தோம். வீட்டில் இருந்த ஒரே நல்ல கம்பளி அங்கேதான் இருந்தது. அன்று நானும் கிருஷ்ணம்மாளும் படுத்தது வெளி அறையில். காலையில் என் சட்டையைப் பிழிந்தேன். அந்த மரியாதையை மனதுக்குள் அவமானமாக மாற்றி ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறீர்கள்.

உள்ளே படுக்க வைத்தால் மூட்டையாக்கிவிட்டேன் என்கிறீர்கள். ஜன்னல் கொடுத்தால் வாந்திக்காரராக்கிவிட்டேன் என்கிறீர்கள். தங்களை எங்கேதான் வைப்பது? கப்பல் புத்தகத்தில் மொட்டை மாடி என்று ஒன்று போட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கட்டுமா?

காட்சி என்ற பொருளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எஸ்டேட் ஆபீசில் என் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். அதில் சேலம் முழுக்கத் தெரியும். முப்பத்து நான்கு வருடமும் சீசனுக்குச் சீசன் கார்களில் வந்து இறங்குவார்கள். என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். "வியூ எங்கேங்க நல்லாத் தெரியும்?" என்று கேட்பார்கள். "கொஞ்சம் தலைய நகத்துங்க" என்பார்கள். நகர்த்துவேன். ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. பிறகு மேகம் இறங்கி எல்லாம் வெள்ளையாகிவிடும். எங்கள் பணம் போச்சே என்று என்னை முறைத்துவிட்டுப் போவார்கள். மஸ்டர் புத்தகத்தில் மை ஊறியிருக்கும். காட்சியால் நான் கண்ட பலன் அதுதான்.

அந்தத் தமாஷுக்கு நான் சிரித்தேன் என்பது உண்மை. ஆனால் முதலில் சிரித்தவர் சம்பந்தியம்மாள். வேனிலிருந்து இறங்கி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே, "புள்ளி வெக்கலீங்க, நேராக் கோலந்தான்" என்றார். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம். அதைத் தாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

என் முடிவில் மாற்றமில்லை.

கருப்பண்ணன்


அடிவாரம்,
9.2.1999

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். "ஜன்னல் பக்கம் வேற்றாளுக்கு, உள் அறை உறவுக்கு." தங்கள் கையெழுத்து. மறுக்க முடியாது.

அப்படியானால் கப்பலில் உறவுக்கு உரிய அறையைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, வேற்றாளுக்கு உரிய அறையை எங்களுக்கு ஒதுக்கினீர்கள். இதற்கு என்ன பதில்? டிக்கெட் இல்லாதவன்கூட இதைவிட நல்ல சாக்கு வைத்திருப்பான். ஒருவன் பத்தாவது வளைவில் என்னிடம், "டிக்கெட்ட ஆடு தின்னுபோச்சுங்க" என்றான். ஆட்டையும் காட்டினான். அதில்கூட ஒரு நேர்மை இருந்தது.

மாதம்மாளிடம் அந்தக் கோலப் பேச்சைப் பற்றிக் கேட்டேன். "ஆமாங்க, நாந்தேன் சொன்னேன். அப்ப நீங்க டிரைவரோட சண்டை கட்டிட்டிருந்தீங்க" என்றாள். ஐந்து வருடமாக ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க? நீங்க கோவமாவே இருந்தீங்க" என்றாள். வீட்டுக்குள்ளேயே எனக்கு எதிராகச் சாட்சி உருவாகியிருக்கிறது. இதுவும் தங்கள் கைங்கரியம்.

கலாவதிக்கு நேற்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். உள் ஜன்னல் அறை எனக்கு வேண்டும்; அது இல்லையென்றால் நான் கப்பலில் கால் வைக்க மாட்டேன். உறவு என்றால் நாங்களும் உறவுதான். ரசீதை வைத்திருக்கிறேன்.

மாதம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்துவிட்டு, "அப்ப கடல யாரு பாக்கறது?" என்றாள். இந்த நிலைமையில் அது ஒரு கேள்வியா?

வெங்கடாசலம்


கொட்டச்சேடு,
14.2.1999

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த அன்றே இளவரசுக்கு எழுதிவிட்டேன். நானும் பதிவுத் தபால்தான். உள் அறை எனக்கு. இல்லையென்றால் என்னை மறந்துவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு போகலாம். மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்ட பிறகு அதே பொருளைப் பெண் வீட்டுக்காரர் கேட்பது எந்த ஊர் வழக்கம் என்று ஏற்காட்டில் நாலு பேரிடம் விசாரித்தேன். மூன்று பேர் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார்கள். நாலாவது ஆள் வெள்ளக்கடை ஐயாக்கண்ணு. "ஏனுங்க ரைட்டரய்யா, ஊட்டுல அவங்களையுங் கேட்டீங்களா?" என்றார். சம்பந்தமில்லாத பேச்சு.

இந்த வயதில் எனக்குக் கடலும் வேண்டாம், கடைவீதியும் வேண்டாம், நியாயம்தான் வேண்டும். தாங்கள் உள் அறையில் தங்குவது என்றால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். கிருஷ்ணம்மாளும் இருந்துகொள்வாள் என்று அவளிடம் தெரிவித்துவிட்டேன்.

அவள் மறுத்துப் பேசவில்லை. காலையிலேயே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறாள். மிளகு காய்வதற்கு மறைக்கிறது, பெட்டியை நகர்த்து என்றேன். மிளகை நகர்த்தினாள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள். "ஏனுங்க, பாஸ்போர்ட்டு ஆளுக்கொண்ணுதானுங்களே? உங்களோடது இல்லாட்டி என்னோடது செல்லாதுன்னு ஒண்ணுமில்லீங்களே?" அப்படி எதுவும் கிடையாது, அவரவர் பாஸ்போர்ட் அவரவருக்கு என்று சட்டத்தை விளக்கினேன். படிக்காதவர்களுக்கும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் ஆர்வம் இருக்கிறது. வயதானாலும் சிலருக்கு அது வருவதில்லை என்பதைத் தங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

கருப்பண்ணன்


அடிவாரம்,
20.2.1999

சம்பந்தி அவர்களுக்கு,

இதைச் சண்டைக் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டையைத் தனியாக எழுதுவேன்.

மாதம்மாள் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கையில் துணிப்பை, அதற்குள் எலுமிச்சை ஊறுகாய். எங்கே என்றேன். "அண்ணனூட்டுக்குங்க" என்றாள். எந்த அண்ணன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. கண்டக்டர், "வாங்கம்மா, சன்னலோரம் ஒக்காருங்க" என்றான். என் கண்ணெதிரே, என் பழைய கம்பெனி கண்டக்டர். அவளும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலையை வெளியே நீட்டி, "மோரு உறியில இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் மேலே இல்லை. ஆகவே அண்ணன் என்றது தங்களைத்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். என் சார்பில் அவள் அங்கே மன்னிப்பு எதுவும் கேட்டிருந்தால் அது செல்லாது. தாங்கள் மன்னிப்புக் கேட்டு அவள் அதை வாங்கிக்கொண்டிருந்தால் எழுதித் தெரிவிக்கவும்.

மூன்று நாளாக மோர் சாதம் சாப்பிட்டேன். நேற்றோடு மோரும் தீர்ந்தது. நாலு மணி பஸ்ஸில் அனுப்பி வைக்கவும்.

வெங்கடாசலம்


கொட்டச்சேடு,
24.2.1999

சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தியம்மாள் இங்கேதான் இருக்கிறார். மன்னிப்பு எதுவும் பரிமாறப்படவில்லை.

போன புதன்கிழமை அவர் வந்ததும் கிருஷ்ணம்மாள் நேராக உள் அறைக்குக் கூட்டிப்போனாள். இருவரும் அன்றிலிருந்து அங்கேதான் படுக்கிறார்கள். கம்பளியும் அங்கே இருக்கிறது. நான் வெளி அறையில். மாசி பிறந்தும் பனி குறையவில்லை, இருமல். மறுநாள் காலை சம்பந்தியம்மாள் காப்பி குடித்துக்கொண்டே, "அண்ணா, நொம்ப நாளைக்கப்பறம் நேத்துத்தானுங்க அசந்து தூங்குனேன். அந்த ரூம்பு என்னமாக் கதகதன்னு இருக்குது" என்றார். இதைத் தாங்கள் வேண்டுமானால் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கும் நன்றாகத்தான் தூங்கினாராம். பக்கத்தில் யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருந்ததாகத்தான் குறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை இருவரும் ஏற்காடு போய் வந்தார்கள். என்ன வேலை என்று எனக்குச் சொல்லப்படவில்லை. எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் ஜெயகுமாரி வழியில் என்னைப் பார்த்து, "ரைட்டரய்யா, உங்கூட்டம்மாவும் அவங்களும் ஒரே ரிசீவர்ல ஆளுக்கொரு காத வெச்சுக்கிட்டுப் பேசுனதப் பாக்கோணுமே! மெசினு ஓடுது, சிரிக்கறாங்க, சிங்கப்பூருக்கே கேக்கறாப்புல" என்றாள். வீட்டுக்கு வந்து விசாரித்தேன். "பேத்தி பேசுச்சுங்க" என்றாள் கிருஷ்ணம்மாள். வேறென்ன பேசினீர்கள் என்றேன். "வேற என்னத்தப் பேசறது, நீங்கதான் ரெண்டு பேரும் எல்லாத்தையும் எழுதிட்டீங்களே" என்றாள்.

அந்தப் பதிலில் அடக்கம் இருந்தது. ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

மலை விளிம்பில் அந்த லேடீஸ் சீட் பாறையில் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகவும் கேள்விப்பட்டேன். "இதே மாதிரிக் கீழ பூராத் தண்ணியா இருந்தா எப்படியிருக்கும்?" என்று என் மனைவி சம்பந்தியம்மாளைக் கேட்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருடமாக என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. நான் சொல்லியிருப்பேன்.

நாளை நாலு மணி பஸ்ஸில் அனுப்பி வைக்கிறேன். தங்கள் பேரில் எனக்குள்ள வருத்தம் அப்படியே இருக்கிறது.

கருப்பண்ணன்


அடிவாரம்,
13.3.1999

சம்பந்தி அவர்களுக்கு,

கலாவதியின் கடிதமும், கப்பல் கம்பெனி அச்சடித்த தாளும் நேற்று வந்தன. தங்களுக்குத் தனியாக அனுப்பவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருப்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

"அப்பா, உள் ஜன்னல் அறை இல்லாவிட்டால் கப்பலில் ஏற மாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதே வார்த்தையை மாமாவும் எழுதியிருந்தார். இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். இரண்டு பேருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைத்தோம். அம்மாவும் அத்தையும் போனில் ஒரு வழி சொன்னார்கள். அதன்படியே செய்துவிட்டோம். டிக்கெட் போட்டாயிற்று, இனி பெயரை மாற்ற முடியாது."

தாளில் இருப்பது:

அறை 6241, கடல் ஜன்னல். கிருஷ்ணம்மாள், மாதம்மாள். குழந்தை அவர்களோடு.

அறை 6318, உள் ஜன்னல். கருப்பண்ணன், வெங்கடாசலம்.

இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன் என்று பதில் எழுதி, தபாலில் போடச் சொல்லி மாதம்மாளிடம் கொடுத்தேன். போட்டுவிட்டேன் என்கிறாள். ரசீது கேட்டேன், சாதாரணத் தபால் என்கிறாள். அவளும் ஒரு பெட்டியை வெயிலில் வைத்திருக்கிறாள்.

விமானம் சென்னையிலிருந்து ஏப்ரல் பத்தாம் தேதி. ஒன்பதாம் தேதி மாலை நீங்கள் இருவரும் இங்கே வந்துவிட வேண்டும் என்று பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். மலையிறங்கும்போது தங்களுக்குத் தலை சுற்றுமானால் முன்கூட்டியே தெரிவிக்கவும், கண்டக்டரிடம் சொல்லி வைக்கிறேன்.

கப்பல் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் அந்த அறையின் படம் போட்டிருக்கிறது. கட்டில் ஒன்று.

வெங்கடாசலம்